ட்ரெயிலருக்கு லிதியம்: பற்றரியை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: நான் பொத்துவில். அறுகம்பைக்கு வருகிறவர்களுக்குச் சின்னதாக ஒரு கேம்பிங் ட்ரெயிலர் வாடகைக்குக் கொடுக்கிறேன். நம்முடைய ஊர் வெல்டிங் கடையில் செய்தது. டபுள் கப்பில் கொளுவிக் கொண்டுபோய் உல்லையிலோ பாணமைப் பக்கமோ நிறுத்திவிட்டு, மூன்று நாளைக்குப் பிறகு போய் எடுத்து வருவேன். 100 அம்பியர் ஆசிட் பற்றரி ஒன்று, 200 வாட்ஸ் சோலார் பனல் ஒன்று, சின்ன இன்வேட்டர் ஒன்று இருக்கிறது. 12 வோல்ட் பிரிஜ், இரண்டு சிறிய ஃபேன், லைட், போன் சார்ஜ், இவ்வளவுதான் பாவனை. பற்றரி வாங்கி இரண்டு சீசன்தான் ஆகிறது. இப்போது நடுச்சாமம் தாண்டினால் பிரிஜ் நின்றுவிடுகிறது. “லிதியம் போடுங்க, கழற்றின இடத்தில் வைத்துக் கொளுவினால் சரி, வேறொன்றும் மாற்றத் தேவையில்லை” என்று கடையில் சொல்கிறார்கள். விலையோ ஆசிட் பற்றரியைப்போலப் பல மடங்கு. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். உங்கள் தொழிலுக்கு அது பொருத்தமும்கூட. ஆனால் “வேறொன்றும் மாற்றத் தேவையில்லை” என்பதை நம்பி வாங்காதீர்கள். கையில் இருக்கிற காசு முழுவதையும் பற்றரியிலேயே போட்டுவிட்டால், இரண்டாம் சீசனில் இதே கேள்வியை மறுபடி எழுத வேண்டி வரும்.

முதலில் பிரிஜ் ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். இந்தக் கரையின் சூட்டில் 12 வோல்ட் கொம்பிரசர் பிரிஜ் பாதி நேரமாவது ஓடிக்கொண்டே இருக்கும். பொழுதுபட்டதில் இருந்து காலை 8 மணி வரை அது மட்டுமே ஏறத்தாழ 33 அம்பியர் மணி எடுக்கும் (ஓர் அம்பியர் கரண்ட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அம்பியர் மணி; பற்றரியில் “100 அம்பியர்” என்று சொல்வதும் இதைத்தான்). இரண்டு ஃபேனுக்கு 20, லைட்டுக்கும் போனுக்கும் ஒரு 7. ஆக ஓர் இரவுக்கு 60. ஆசிட் பற்றரியில் 100 என்று எழுதியிருந்தாலும் அதில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். நீங்கள் புதிதாக வாங்கிய முதல் நாளில் இருந்தே அந்தப் பாதியைத் தாண்டி எடுத்திருக்கிறீர்கள். அதோடு ஆசிட் பற்றரி கடைசி 20 சதவீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கும். அது நிரம்பி முடிய முன்னமே பொழுது பட்டுவிடும். இப்படி நாள்கணக்காக அரைகுறையாக நிற்கிற பற்றரியின் ஈயத் தகடுகளில் சல்பேற்று படிந்து இறுகிவிடும். ஆகவே இரண்டு சீசன் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். பற்றரி மோசம் என்று அதை விற்ற கடையோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

லிதியத்தில், அதாவது லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகையில், 100 என்றால் 80, 90 வரை தைரியமாக எடுக்கலாம். ஆசிட் பற்றரியைப் பாதி பாதியாகக் காலியாக்கினால் 300 முதல் 500 தடவை தாங்கும். நல்ல லிதியம் 2000 தடவைக்கு மேல் தாங்கும். உங்கள் சீசன் சித்திரையில் தொடங்கி ஐப்பசி வரை. அதில் 150 இரவு வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு உங்களுக்கே விளங்கும். விலையை ஒப்பிடும்போது ஓர் ஆசிட் பற்றரியோடு ஒப்பிடாதீர்கள். அதே வேலையைச் செய்ய இரண்டு ஆசிட் பற்றரி வேண்டும்; அந்த இரண்டையும் சில சீசனுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். வருடத்தில் இரண்டு தடவை மட்டும் குடும்பத்தோடு ஒகந்தைக்குப் போய் வருகிறவர் கேட்டிருந்தால், ஆசிட் பற்றரியே போதும் என்று சொல்லியிருப்பேன்.

இனி, கடையில் சொல்லாத பகுதிக்கு வருகிறேன். லிதியம் கரண்டைச் சேமிக்குமே தவிர உண்டாக்காது. குளத்தை ஆழமாக வெட்டினால் மழை அதிகமாகப் பெய்துவிடாது. உங்கள் 200 வாட்ஸ் பனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 55 அம்பியர் மணி அளவில் தரும். பகலிலும் பிரிஜ் ஓடுவதால் அதில் 24 போய்விடும், மிஞ்சுவது 31. முதல் நாள் பின்னேரம் 100இல் தொடங்கினால் மறுநாள் காலை 40, பின்னேரம் 71, அடுத்த காலை 11, மூன்றாம் நாள் பின்னேரம் 42. மூன்றாம் இரவு விடியுமுன் பிரிஜ் நின்றுவிடும். பல மடங்கு விலை கொடுத்தும் வாடகைக்காரரின் மீன் பழுதாகத்தான் போகிறது. இன்னொரு 200 வாட்ஸ் பனல் போட்டால் ஒவ்வொரு பகலிலும் பற்றரி நிரம்பிவிடும். என்னைக் கேட்டால், இரண்டாவது பனலுக்குக் காசு ஒதுக்கிய பிறகுதான் பற்றரி விலையே கேட்க வேண்டும்.

அப்புறம் சோலார் கொன்ட்ரோலர், அதாவது பனலில் இருந்து பற்றரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி. மலிவான கொன்ட்ரோலர்கள் ஆசிட் பற்றரிக்கென்றே செய்தவை. சில, மாதத்தில் ஒருமுறை வோல்டேஜைக் கூட்டித் தகட்டைச் சுத்தம் செய்யப் பார்க்கும். லிதியம் பற்றரிக்குள் பிஎம்எஸ் என்று ஒரு காவல் சர்க்கிட் இருக்கிறது, வோல்டேஜ் 14.6ஐத் தாண்டிப் போனால் அது பற்றரியையே துண்டித்துவிடும். பற்றரிக்குச் சேதமில்லை. ஆனால் அந்த நொடியில் கொன்ட்ரோலருக்குப் பற்றரி இல்லாமல் போகிறது. மலிவான கொன்ட்ரோலர் என்றால் பனலின் 18, 20 வோல்ட் அப்படியே லைட்டுக்கும் ஃபேனுக்கும் போய்விடலாம். காரணம் தெரியாமல் ஃபேன் எரிகிறது என்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே லிதியத்துக்கென்று செட்டிங் உள்ள, 30 அம்பியர் தாங்கும் கொன்ட்ரோலராக வாங்குங்கள். 14.2 முதல் 14.4 வோல்ட் வரை சார்ஜ், அதன்பின் 13.5இல் நிற்க வேண்டும். வீட்டில் கரண்டில் போடுகிற பழைய சார்ஜரிலும் இதே கவனம் வேண்டும். “பழுதான பற்றரியை உயிர்ப்பிக்கும்” பட்டன் உள்ள சார்ஜரை லிதியத்துக்குப் போடவே கூடாது.

டபுள் கப்பில் இருந்து ட்ரெயிலர் பற்றரிக்கு ஒரு சார்ஜ் வயர் வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் கழற்றிவிடுங்கள். கொடுத்த கரண்டை எல்லாம் லிதியம் இழுத்துக்கொள்ளும். எஞ்சினோடு ஓடிக் கரண்ட் உண்டாக்குகிற ஆல்டனேட்டர் சூடாகி எரிந்துபோகலாம், அதிலும் வாகனம் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது இன்னும் மோசம். வாகனத்தில் இருந்து பற்றரிக்குப் போகும் கரண்டை அளவோடு விடுவதற்கென்று டிசி டு டிசி சார்ஜர் விற்கிறார்கள். மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரை 100 கிலோமீற்றருக்கு மேல் இழுத்து வருகிறவருக்கு அது நல்ல முதலீடு. 20 அம்பியர் சார்ஜர் என்றால் அந்த ஓட்டத்தில் அரைப் பற்றரி நிரம்பிவிடும். நீங்கள் பாணமை வரை போய் விட்டுவிட்டு வருகிற ஆள். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம், பனலில் போடுங்கள்.

பியூஸ் விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். லிதியம் பற்றரி ஷோர்ட் ஆனால் பாய்கிற கரண்ட் மிகப் பெரியது. பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். 1000 வாட்ஸ் இன்வேட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பக்கம் 90 அம்பியர் அளவில் இழுக்கும். அதற்கு 25 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட வேண்டும். நமது கரையின் உப்புக்காற்றில் முனைகளில் பச்சை பிடிக்காமல் இருக்க வாஸலின் பூசிவிடுங்கள்.

வைக்கிற இடமும் முக்கியம். இழுவைக் கம்பியின் மேல் இரும்புப் பெட்டிக்குள் வெயிலில் வைக்காதீர்கள். கச்சான் காற்று வீசுகிற நாட்களில் அந்தப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும். பல பற்றரிகளுக்கு அந்த எல்லை 45 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் இருக்கும், கையேட்டில் பாருங்கள். லிதியம் ஆசிட் பற்றரியைப்போல வாயு விடாததால் கட்டிலுக்குக் கீழே வைக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பழைய பற்றரி முன் கம்பியில் இருந்திருந்தால், அந்த 28 கிலோ போனதும் ட்ரெயிலரின் முன்பக்கப் பாரம் குறைந்து, ஓட்டத்தில் வால் ஆடத் தொடங்கும். தண்ணீர்க் கேனையோ காஸ் சிலிண்டரையோ முன்பக்கம் தள்ளி வையுங்கள்.

வாங்கும் அன்று ஒரு தராசு கொண்டு போங்கள், அல்லது பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 100 அம்பியர் லிதியம் இரும்பு பொஸ்பேற்றில் செல் ஒன்று 2 கிலோ அளவில், நான்கு செல். பெட்டி, வயர், பிஎம்எஸ் எல்லாம் சேர்த்து 10 முதல் 13 கிலோ வரும். 6, 7 கிலோ பற்றரியின் மேல் 100 என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து பொய். லேபிளில் 12.8 வோல்ட், 1280 வாட்ஸ் மணி என்று இருக்க வேண்டும். பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை அம்பியர் கொடுக்கும் என்றும் கேளுங்கள். 50 என்றால் 1000 வாட்ஸ் இன்வேட்டரின் முழுச் சுமையை அது தாங்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்து நிரப்பி, 60 வாட்ஸ் ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கொளுவி எரிய விடுங்கள். 5 அம்பியர் அளவில் எடுக்கும். 20 மணித்தியாலம் எரிந்தால் பற்றரி உண்மையானது. 12, 13 மணித்தியாலத்தில் அணைந்தால் உடனே கடைக்குப் போங்கள். பல்ப் பொல்லாத சூடாகும், துணி, பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காதீர்கள். வோல்ட் மீற்றரை வைத்து லிதியத்தில் எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிக்க முடியாது. நிரம்பி இருக்கும்போதும் பாதியாக இருக்கும்போதும் ஏறத்தாழ 13 வோல்ட்தான் காட்டும். பற்றரிக்குள் போய் வருகிற கரண்டை அளந்து கணக்கு வைக்கிற, ஷன்ட் வைத்த மொனிட்டர் ஒன்று போட்டுவிட்டால் வாடகைக்காரரும் சதவீதத்தைப் பார்த்துப் பாவிப்பார்.

மாரி தொடங்கி ட்ரெயிலரை வீட்டில் நிறுத்தும்போது ஆசிட் பற்றரியை நிரப்பி வைப்போம். லிதியத்துக்கு அது நேர்மாறு. 50, 60 சதவீதத்தில் வைத்து, வயரைக் கழற்றி, நிழலில் வையுங்கள். பழைய ஆசிட் பற்றரியைச் சும்மா போட்டுவிடாதீர்கள், பற்றரிக்கடையில் ஈயத்துக்கு விலை உண்டு. அதை லிதியத்தோடு சேர்த்து இணைக்கவும் வேண்டாம்.

கேள்வி: ஏறாவூரில் ஒரு தம்பி பழைய ஹைபிரிட் கார் செல், லப்டொப் செல் வைத்துப் பற்றரி கட்டித் தருகிறார், பாதி விலை. மீன்பிடிக்குப் போகும்போது லைட்டுக்கும் கேம்பிங்குக்கும் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அக்வா, பழைய பிரியஸ் கார்களில் இருந்து கழற்றுவது பெரும்பாலும் லிதியமே அல்ல, நிக்கல் வகை. அதற்குச் சார்ஜ் முறையே வேறு. லப்டொப் செல் லிதியம்தான், ஆனால் 12 வோல்ட் சாமானுக்குச் சரியாகப் பொருந்தாது: மூன்றை வரிசையில் போட்டால் 11.1, நான்கு போட்டால் நிரம்பும்போது 16.8 வோல்ட். மேலும் அந்த வகை, இரும்பு பொஸ்பேற்றை விடக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும். தோணியில் தண்ணீருக்கு நடுவிலும், பிள்ளைகள் தூங்குகிற ட்ரெயிலரிலும் அதை வைக்க எனக்கு மனம் வராது. காசு குறைவென்றால் புதிய இரும்பு பொஸ்பேற்றில் 50 அம்பியர் வாங்குங்கள். லைட்டுக்கு அது தாராளம்.

கேள்வி: கல்முனையில் இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய 100 அம்பியர் லிதியம், பல்ப் போட்டுப் பார்த்தால் 11 மணித்தியாலம்தான் நிற்கிறது. “இன்வேட்டர் போட்டீர்கள், வொரண்டி இல்லை” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் பற்றரி உண்மையிலேயே நிரம்பியதா என்று உறுதி செய்யுங்கள். பழைய சார்ஜர் 13.6 வோல்ட்டோடு நின்றால் பற்றரி முழுதாக நிரம்பாமலே இருக்கலாம். லிதியம் சார்ஜரில் போட்டு, 14.4 வோல்ட்டில் கரண்ட் நன்றாகக் குறையும் வரை விட்டு, மறுபடி பல்ப் சோதனை செய்யுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் பற்றரியின் சீரியல் இலக்கம் தெரிய போனில் வீடியோ எடுங்கள். எடையையும் எழுதி வையுங்கள்.

அப்போதும் 11 மணித்தியாலம்தான் என்றால், கடைக்குக் கடிதம் ஒன்று கொடுத்து, வாங்கிக்கொண்டதாக ஒரு பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். இன்வேட்டர் போட்டால் வொரண்டி இல்லை என்று வொரண்டி அட்டையில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எழுதியில்லாததைப் பிறகு வாயால் சேர்க்க விடாதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. 1977க்கு அழைத்தால் எங்கே, எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள், ஆனால் போனில் சொன்னதோடு விட்டுவிடாமல் எழுத்திலும் கொடுங்கள். பில், வொரண்டி அட்டை, கடிதப் பிரதி மூன்றையும் இணையுங்கள். பில் தரவில்லை என்றால் இப்போதே போய்க் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பில்லில் “பற்றரி 1” என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காமல், பெயர், 100 அம்பியர் மணி, சீரியல் இலக்கம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.