வளர்ற பிள்ளைதானே, பெரிய சைஸ் எடுக்கலாமா?

கேள்வி: சித்திரை லீவுக்கு நுவரெலியா கிரகரி வாவியில் படகு ஏறிவிட்டு, பெந்தோட்டையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம். அங்கே டியூபில் உட்காரவைத்துப் படகால் இழுப்பார்களாம். மகனுக்கு இப்போதே அதே பேச்சு. ஒன்பது வயது, 26 கிலோ, நீந்தத் தெரியாது. ஹட்டனில் ஒரு கடையில் உயிர்காப்பு அங்கி பார்த்தேன். "பெரிய சைஸ் எடுங்க, வளர்ற பிள்ளைதானே" என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?
- நோர்வூட் வாசகி

பதில்: வேண்டாம் அக்கா. சப்பாத்து பெரிசு என்றால் முன்னால் பஞ்சு திணித்துச் சமாளிக்கலாம். அங்கி தொளதொளவென்று இருந்தால் தண்ணீரில் அது மேலே வரும், பிள்ளை கீழே நழுவுவான். கடையிலேயே போட்டு வார்களை இறுக்குங்கள். கையைத் தூக்கச் சொல்லி, தோள் பக்கம் பிடித்து மேலே இழுங்கள். காது வரை ஏறினால் அது அவனுக்கானது அல்ல. கவட்டு வார் இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்து, உள்பக்க லேபிள். எடை வரம்புக்குள் 26 கிலோ வரவேண்டும். பக்கத்தில் 50, 100, 150 என்று ஓர் எண் இருக்கும். மிதக்கவைக்கும் விசை, நியூட்டன் கணக்கில். 50 நீந்தத் தெரிந்தவருக்கு. மயங்கிக் கவிழ்ந்தால் அது ஆளை மல்லாத்தும் என்று நம்ப முடியாது. உங்கள் மகனுக்குக் குறைந்தது 100, கழுத்துப் பட்டையோடு. காற்று நிரம்பி உப்பும் வகை டியூப் சவாரிக்கு ஆகாது, நுரைப்பஞ்சு வைத்ததே சரி. லேபிளே இல்லையா? அது விளையாட்டுச் சாமான். பில்லை வைத்திருங்கள், தகராறு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977ஐ அழுத்தலாம்.

கிரகரியில் அன்னப் படகுதானே என்று அங்கியைக் கழற்றி மடியில் வைத்து செல்பி எடுப்பவர்கள்தான் அதிகம். அந்த உயரத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும். விழுந்ததும் மூச்சு இரைக்கும். கைகாலை அடிக்காமல், மூச்சு அடங்கும் வரை மல்லாந்து மிதக்கச் சொல்லிக் கொடுங்கள். சித்திரையில் பின்னேரம் இடிமழை வரும், காலையிலேயே ஏறிவிடுங்கள்.

பெந்தோட்டையில் காசு கொடுக்கும் முன் படகைப் பாருங்கள். ஓட்டுபவர் முன்னால் பார்க்கவேண்டும், டியூபைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அவர் இல்லையென்றால் ஏறாதீர்கள். ஓட்டுபவர் தெறித்து விழுந்தால் என்ஜினை நிறுத்தும் சுருள் கயிறு அவர் உடம்பில் மாட்டியிருக்கிறதா? சைகையும் பேசிக்கொள்ளுங்கள்: கட்டைவிரல் கீழே என்றால் மெதுவாக, கழுத்தின் குறுக்கே கை என்றால் நிறுத்து. மகன் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. விழுந்தவனை ஏற்ற வரும்போது என்ஜின் அணைந்திருக்கவேண்டும், 'நியூட்ரல்' போதாது.

உங்கள் அங்கியைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு வாவியில் எனக்குக் கொடுத்ததில் கொளுக்கி உடைந்து, ஷொப்பிங் பேக்கின் காதால் முடிந்திருந்தது. மாற்றித் தரச் சொன்னேன். உள்ளே போய், பொலித்தீன் கூடப் பிரிக்காத புதியதை எடுத்து வந்தார் தம்பி.