டியூடர் இடுப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சத்து அரசிகளைப் பற்றிய எந்தத் தொடரைப் பார்த்தாலும் ஒரு காட்சி தவறாமல் வருகிறது. தோழி காலை ஊன்றிக்கொண்டு கச்சின் கயிற்றை இழுக்கிறாள், அரசிக்கு மூச்சு முட்டுகிறது. அழகுக்காக உண்மையிலேயே இப்படி வதைபட்டார்களா? இரும்புக் கச்சுகூட இருந்ததாகப் படித்தேன்.

மாலதி

அன்புள்ள மாலதி,

அந்தக் காட்சி மூன்று நூற்றாண்டு தள்ளி வரவேண்டியது. அப்படி இழுத்துக் கட்ட, கயிறு நுழையும் துளைகளில் உலோக வளையங்கள் வேண்டும். அவை 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 16ஆம் நூற்றாண்டில் துளையைச் சுற்றி நூலால்தான் தைத்தார்கள். வெறிகொண்டு இழுத்தால் துணி பிய்ந்துவிடும்.

அதைவிட முக்கியம், உடுக்கை இடுப்பை அன்று யாரும் தேடவில்லை. நெஞ்சு தட்டையாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான். உடலை ஒட்டி லினன் உள்ளங்கி. வெல்வெட்டையும் பட்டையும் துவைக்க முடியாது, ஆகவே வியர்வையை வாங்கிக்கொண்டு வெளுக்கப் போவது இதுதான். இடுப்புக்குக் கீழே ஆங்கிலப் பெண்கள் பெரும்பாலும் வேறு உள்ளாடை அணியவில்லை. உள்ளங்கிக்கு மேல், நாணலோ திமிங்கிலத்தின் வாய்த்தகடோ வைத்துத் தைத்த கச்சு. வசதியுள்ளவர்கள் அதன் முன்பக்கம் மரத்திலோ தந்தத்திலோ ஒரு பட்டையைச் செருகிக்கொண்டார்கள். 1603இல் முதலாம் எலிசபெத்தின் இறுதி ஊர்வலத்துக்குச் செய்த உருவத்துக்கு அணிவித்த கச்சு லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

இடுப்பைச் சிறிதாகக் காட்டியது கயிறல்ல, பாவாடை. உள்ளே வளையங்கள் வைத்த ஃபார்த்திங்கேல் என்னும் உள்பாவாடை ஸ்பெயினிலிருந்து வந்தது. 1501இல் இங்கிலாந்துக்கு மணப்பெண்ணாக வந்திறங்கிய ஸ்பெயின் இளவரசி அரகான் கேத்தரினின் தோழியர் அதை அணிந்திருந்தார்கள். ஆனால் ஆங்கிலேயர் அதைத் தமதாக்கிக்கொள்ள ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. 1545இல்தான் இளவரசி எலிசபெத்துக்கு ஒன்று தைத்த கணக்கு வருகிறது. நூற்றாண்டின் கடைசியில் மணி வடிவம் போய்ச் சக்கர வடிவம் வந்தது. 1592 வாக்கில் முதலாம் எலிசபெத்தை வரைந்த டிட்ச்லி ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். அரசியின் இடுப்பிலிருந்து பாவாடை மேசைபோலப் பக்கவாட்டில் நீண்டு, பிறகு செங்குத்தாக விழும். அவ்வளவு அகலத்துக்கு நடுவே யார் இடுப்பும் சிறுத்துத்தான் தெரியும். எனக்கு இது வதையாகப் படவில்லை, கெட்டிக்காரத் தையல்காரனின் கண்கட்டு வித்தையாகவே படுகிறது. (கதவு வழியே நுழைவது வேறு விஷயம்.)

இரும்புக் கச்சைப் பொறுத்தவரை, பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே அதைக் கோணிய முதுகை நிமிர்த்தும் கருவியாகத்தான் பரிந்துரைத்தார். அருங்காட்சியகங்களில் இருப்பவற்றில் பல, பிற்காலத்தில் செய்தவை என்று ஐயப்படுகிறார்கள்.

பெண்களைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஆண்கள் செய்ததுதான் கூத்து. எலிசபெத் காலத்துக் கனவான்கள் பருத்தியும் குதிரைமயிரும் அடைத்துச் சட்டைக்கு முன்னால் தொந்தி வளர்த்தார்கள். ஒரு சட்டைக்குள் நாலு, ஐந்து, ஆறு பவுண்டு எடை வரை திணிக்கிறார்கள், இதைப் போட்டுக்கொண்டு குனியக்கூட முடியவில்லை என்று 1583இல் ஃபிலிப் ஸ்டப்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் பொருமித் தீர்த்திருக்கிறார்.