பாத்ரூம் புதுப்பிக்க டெபாசிட்டை எடுப்பதா, கடன் வாங்குவதா?

கேள்வி: திருச்சியில் 2003-இல் கட்டப்பட்ட தனி வீட்டை வாங்கிக் குடியிருக்கிறோம். தரைத்தளம் மட்டுமே உள்ள வீடு, இரண்டு பாத்ரூம்கள். மாமியாருக்கு வயது 78. அவர் பயன்படுத்தும் பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிகிறது, தரையும் வழுக்குகிறது. இரண்டு பாத்ரூம்களையும் சேர்த்துப் புதுப்பிக்க மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 1.4 லட்சம், இன்னொருவர் 2.6 லட்சம், மற்றொருவர் ஓட்டல் பாணியில் செய்ய 4.5 லட்சம் என்றார். நானும் கணவரும் சேர்ந்து மாதம் 90,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். வீட்டுக் கடன் தவணை 21,000 ரூபாய். இன்னும் 7 ஆண்டுகள் பாக்கி. குடும்பச் செலவு 45,000 ரூபாய். வரும் பிப்ரவரியில் முதிர்வடையும் 4 லட்சம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட்டும், சேமிப்புக் கணக்கில் 60,000 ரூபாயும் உள்ளன. மகன் பதினொன்றாம் வகுப்பு. டெபாசிட்டை எடுக்கலாமா, இருக்கும் வீட்டுக் கடனுக்கு மேல் கூடுதலாக வங்கி தருவதாகச் சொல்லும் டாப்-அப் கடனை வாங்கலாமா?

பதில்: உங்களிடம் வந்திருக்கும் மூன்று விலைகளில் எது நியாயமானது என்பதிலிருந்து தொடங்காமல், இந்த வேலைக்கு உங்கள் குடும்பத்தால் எவ்வளவு ஒதுக்க முடியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டுகிறேன். தவணையும் குடும்பச் செலவும் சேர்ந்து மாதம் 66,000 ரூபாய் ஆகிறது. வயதான ஒருவர் இருக்கும் வீட்டில், இருவருமே சம்பாதித்தாலும், குறைந்தது 5 மாதச் செலவுக்கான பணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது சுமார் 3.3 லட்சம் ரூபாய். உங்கள் மொத்தச் சேமிப்பு 4.6 லட்சம் என்பதால், எந்தக் கடனும் இல்லாமல் இப்போது எடுக்கக்கூடிய தொகை சுமார் 1.3 லட்சம்தான். அதற்கு மேல் எடுத்தால், மருத்துவமனைச் செலவுக்கென்று இருக்கும் பணத்தைச் சுவரில் ஒட்டியவர்கள் ஆவீர்கள்.

1.3 லட்சத்தில் இரண்டு பாத்ரூம்களையும் ஒழுங்காகச் செய்ய முடியாது; ஆனால் ஒன்றை மிக நன்றாகச் செய்யலாம். ஆகவே மாமியாரின் பாத்ரூமை முதலிலும் மற்றதை ஓராண்டு கழித்தும் செய்வதே சரியான வழி. இதில் இன்னொரு வசதியும் உண்டு: ஒரே நேரத்தில் இரண்டையும் இடித்துப் போட்டால், தளத்தில் தண்ணீர் விடக்கூடாத நாட்களில் குடும்பம் முழுவதும் திண்டாட நேரும்.

1.4 லட்சம் சொன்னவர் இரண்டு பாத்ரூம்களுக்கும் சேர்த்தே அந்த விலையைச் சொல்கிறார் என்றால், அவர் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புதிய டைல்ஸை ஒட்டப் போகிறார் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். கசிவே இல்லாத பாத்ரூமுக்கு அந்த முறை குற்றமில்லை. செலவு குறையும், வேலை சீக்கிரம் முடியும், தரைமட்டம் சற்று உயர்வதால் கதவின் அடிப்பகுதியையும் தண்ணீர் இறங்கும் வழியையும் சரிசெய்தால் போதும். ஆனால் உங்கள் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. தளத்தின் வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, கெட்டதாலோ, இருபது ஆண்டுகளைத் தாண்டிய இரும்புக் குழாய் சுவருக்குள் அரித்துப் போனதாலோ, தரையில் கழிவுநீர் இறங்கும் டிராப்பைச் சுற்றியுள்ள இணைப்பு விட்டுப் போனதாலோ வரும் ஈரத்தைப் புதிய டைல்ஸ் மறைக்குமே தவிர நிறுத்தாது. இரண்டு மழைக்காலம் கழித்துப் பழைய டைல்ஸோடு புதிய டைல்ஸையும் சேர்த்து உடைக்கும் கூலியை நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் நிலையில் அந்த 1.4 லட்சம்தான் மூன்றிலும் விலை கூடியது.

நீங்கள் அளவு எழுதவில்லை என்பதால், நம் ஊர் வீடுகளில் பரவலாகக் காணும் 8 அடிக்கு 5 அடி பாத்ரூமை வைத்துக் கணக்குப் போடுகிறேன். தொகைகள் என் மதிப்பீடுதான். உங்கள் பகுதியின் கூலிக்கு ஏற்பச் சற்று ஏறி இறங்கலாம், ஆனால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு என்பது பெரிதாக மாறாது. கண்ணுக்குத் தெரியாத வேலை, அதாவது உடைத்து இடிபாட்டை அப்புறப்படுத்துவது, பழைய இரும்புக் குழாய்களை நீக்கிச் சுடுதண்ணீரையும் தாங்கும் சி.பி.வி.சி. குழாய் போடுவது, கழிவுநீர்க் குழாய், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, மின் இணைப்பு ஆகியவற்றுக்கு 50,000 ரூபாய் வைக்க வேண்டும். தரை 40 சதுர அடி, 7 அடி உயரம் வரை சுவர் ஏறத்தாழ 160 சதுர அடி, சேதாரத்துக்கு 10 சதவீதம் என்று சேர்த்தால் 220 சதுர அடி டைல்ஸ் தேவைப்படும். சதுர அடி 55 ரூபாய் வீதம் டைல்ஸுக்கு 12,100 ரூபாயும், ஒட்டும் கூலி, சிமெண்ட், மணல், பசைக்கு 18,000 ரூபாயும் ஆக, சுமார் 30,000 ரூபாய். வெஸ்டர்ன் டாய்லெட், வாஷ் பேசின், குழாய்கள், ஷவர், கைப்பிடிக் கம்பிகளுக்கு 25,000 ரூபாய். கீசருக்கும் தண்ணீரில் ஊறாத கதவுக்கும் 14,000 ரூபாய். இதுவரை 1,19,000 ரூபாய் ஆகிறது. பழைய சுவரை உடைத்த பிறகுதான் தெரியவரும் செலவுகளுக்காக 16,000 ரூபாயைத் தனியே வைத்தால், மொத்தம் 1,35,000 ரூபாய்.

இந்தக் கணக்கில் நான் குறைக்கவே சம்மதிக்காத தொகை முதலில் சொன்ன 50,000 ரூபாய். கைப்பணம் குறைந்தால் டைல்ஸைச் சாதாரணமாக்கலாம், கீசரைத் தள்ளிப் போடலாம், பேசினைச் சிறிதாக்கலாம். குழாயிலும் பூச்சிலும் வாட்டத்திலும் மட்டும் கை வைக்கக் கூடாது, ஏனெனில் மற்றவற்றைப் பிறகு கழற்றி மாற்ற முடியும், இவற்றை மாற்ற மறுபடியும் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். இதே அளவுகோலை உங்களைவிடக் குறைந்த பணம் உள்ளவர்களும் பயன்படுத்தலாம்: கசிவு இல்லாத பாத்ரூமாக இருந்து கையில் 40,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால், உடைக்காமல் டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி என்ற பசைக் கலவையை நிரப்பி, குழாய்களை மாற்றி, தரைக்கு மட்டும் வழுக்காத டைல்ஸ் ஒட்டி, நல்ல விளக்கும் காற்றை வெளியேற்றும் மின்விசிறியும் பொருத்தினால் அதுவே கௌரவமான புதுப்பித்தல்தான்.

அடுத்து, அந்த 4.5 லட்சம். ஓட்டல் பாணிமீது உங்கள் வீட்டில் யாருக்கோ ஆசை இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்: சுவரில் தொங்கும் டாய்லெட், சுவருக்குள் மறைந்த தண்ணீர்த் தொட்டி, கண்ணாடித் தடுப்பு, மழைபோல் கொட்டும் பெரிய ஷவர், ஃபால்ஸ் சீலிங், கருஞ்சாம்பல் நிறப் பெரிய டைல்ஸ். போர்வெல் தண்ணீரில் உப்பு மிகுந்திருந்தால் கண்ணாடியிலும் கறுப்பு டைல்ஸிலும் வெள்ளைத் திட்டுகள் சில வாரங்களிலேயே படியும். ஷவரின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். மேலும், தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். தரைத்தள வீட்டின் மொட்டை மாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே 3 மீட்டர் தேறுவதே அரிது என்பதால், பெரிய ஷவர் வேண்டுமென்றால் அழுத்தப் பம்பும் வாங்க வேண்டியிருக்கும், அது அந்த 4.5 லட்சத்தில் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பாணி என்பது பெரும் பணத்தால்தான் வரும் என்றில்லை. டைல்ஸைச் சதுர அடி 55 ரூபாயிலிருந்து 120 ரூபாய்க்கு உயர்த்தினாலும் 220 சதுர அடிக்கு 14,300 ரூபாய்தான் கூடுகிறது. அந்த விலை உயர்ந்த டைல்ஸைப் பேசின் பின்புறச் சுவருக்கு மட்டும் வைத்துக்கொண்டால் கூடுதல் செலவு இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் அடங்கிவிடும். மற்றச் சுவர்களுக்கு வெளிர் நிறம் போதும். உப்புக் கறை அதில் குறைவாகத் தெரியும், சிறிய அறையும் பெரிதாகத் தோன்றும். செட்டிநாட்டுச் சாயல் பிடிக்குமென்றால், ஆத்தங்குடிக் கற்களைப் போன்ற பூவேலை அச்சிட்ட டைல்ஸைச் சுவரில் ஒரு வரிசையாகப் பதிக்கலாம். அசல் ஆத்தங்குடிக் கற்களைக் கூடத்துக்கும் திண்ணைக்கும் விட்டுவிடுங்கள்; சிமெண்டில் செய்த வழவழப்பான கல் எப்போதும் ஈரமாக இருக்கும் தரைக்கு, அதுவும் 78 வயதுக்காரர் நடக்கும் தரைக்கு ஏற்றதல்ல. தரைக்கு வழுக்காத, பளபளப்பில்லாத டைல்ஸ் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இப்போது கடன். டாப்-அப் கடனின் வட்டி விகிதம் தனிநபர் கடனைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 2 லட்சம் ரூபாயை 14 சதவீத வட்டியில் தனிநபர் கடனாக வாங்கி 3 ஆண்டுகளில் அடைத்தால், தவணை சுமார் 6,840 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 46,000 ரூபாய். அதே 2 லட்சத்தை 9 சதவீத டாப்-அப் கடனாக வாங்கி, உங்கள் வீட்டுக் கடனோடு சேர்த்து 7 ஆண்டுகள் ஓட விட்டால், தவணை 3,220 ரூபாயாகக் குறையும். மொத்த வட்டியோ 70,000 ரூபாயைத் தாண்டும். அந்த டாப்-அப் கடனையே 3 ஆண்டுகளில் அடைத்தால் தவணை 6,360 ரூபாய், வட்டி 29,000 ரூபாய்க்குள் முடியும். எனவே ஒருவேளை கடன் வாங்கியே தீர வேண்டுமென்றால், மாறும் வட்டியில் டாப்-அப் வாங்கி, முன்கூட்டியே அடையுங்கள். தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கும் வீட்டுக் கடனை முன்னதாக அடைத்தால் வங்கி அபராதம் விதிக்கக் கூடாது. கையெழுத்திடும் முன் முக்கிய விவரக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் அது கட்டாயம். வட்டியோடு பரிசீலனைக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டுச் செலவு அதில் ஒரே எண்ணாக இருக்கும். சிறிய தொகைக்குக் கட்டணங்களின் சுமை அதிகம் என்பது அப்போது விளங்கும்.

வரிச் சலுகை கிடைக்கும் என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்க வாங்கும் கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். வீட்டுக் கடன் வட்டிக்கான 2 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள்ளேயே அது அடங்கும். அதற்காகக் கடன் வாங்குவது அறிவுடைமை அல்ல. டைல்ஸ் கடைகளில் சொல்லும் வட்டியில்லாத் தவணையையும் எச்சரிக்கையோடு அணுகுங்கள். வட்டி விகிதம் பூஜ்யம் என்ற ஒன்று உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடைக்காரரைக் கேட்டால் மறைந்திருக்கும் வட்டி வெளியே வரும்.

வீட்டின் மதிப்பு கூடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நம் ஊரில் இருபது ஆண்டைக் கடந்த தனி வீட்டை வாங்க வருபவர் முதலில் மனையின் விலையைத்தான் பார்க்கிறார், உங்கள் 4.5 லட்சத்தில் பெரும்பகுதியை அவர் கணக்கிலேயே எடுக்க மாட்டார். இந்தச் செலவுக்கு உண்மையான நியாயம் ஒன்றுதான்: மாமியார் விழாமல் இருப்பது. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவும் வேதனையும் நாம் பேசிக்கொண்டிருக்கும் எந்தத் தொகையையும்விடப் பெரியவை. ஆகவே பிப்ரவரி வரை காத்திருக்காமல், சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து இந்த வாரமே டாய்லெட் அருகிலும் குளிக்கும் இடத்திலும் எஃகுக் கைப்பிடிகளைச் சுவரில் துளையிட்டுப் பொருத்துங்கள். அவற்றையே பிறகு புதிய சுவருக்கும் மாற்றிக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் வரும்போது, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஓதம் ஏறிய சுவருக்கு அருகே கீசர் ஓடும் வீட்டில் அது இல்லாமல் இருக்கக் கூடாது.

பிப்ரவரியில் டெபாசிட் முதிர்ந்ததும் 1 லட்சத்தை எடுத்துக்கொண்டு, மீதி 3 லட்சத்தை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் 1 லட்சம் வீதம் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்ற இரண்டின் வட்டி பாதிக்கப்படாது. சேமிப்புக் கணக்கிலிருந்து, கைப்பிடிகளின் விலையையும் சேர்த்து, 35,000 ரூபாயை எடுத்தால் வேலைக்கான தொகை தயார், கையிருப்பாக 3.25 லட்சம் இருக்கும், ஏறக்குறைய 5 மாதச் செலவு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும் மார்ச் மாதத்தில் வேலையைத் தொடங்கலாம். மாதந்தோறும் மிஞ்ச வேண்டிய 24,000 ரூபாயில் 14,000 ரூபாயை மகனின் கல்லூரிக்கும் 10,000 ரூபாயை இரண்டாவது பாத்ரூமுக்கும் தனித்தனி ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டால், ஓராண்டில் இரண்டாவதற்கு 1.2 லட்சம் சேர்ந்துவிடும்.

ஒப்பந்தக்காரரிடம் முதல் பாத்ரூமுக்கு மட்டும் புதிய விலையை எழுத்தில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. அதில் சேர்ந்ததா என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 18 சதவீதம் என்றால் 2.6 லட்சத்துக்கு 46,800 ரூபாய் கூடும், கடைசி நாளில் கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். டைல்ஸ், குழாய், டாய்லெட் ஆகியவற்றை நீங்களே பில் போட்டு வாங்கி, கூலி ஒப்பந்தத்தை மட்டும் அவரிடம் கொடுப்பது உங்களுக்கு நல்லது, ஏனெனில் உத்தரவாதம் உங்கள் பெயரில் இருக்கும். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன், பூச்சு காய்ந்த தளத்தில் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கி வைத்து, படுக்கையறைச் சுவரில் புதிய ஈரம் வரவில்லை என்பதை நீங்களும் அவரும் சேர்ந்து பார்த்த பிறகே இரண்டாவது தவணையைத் தர வேண்டும். கூலியில் 10 சதவீதத்தை, வேலை முடிந்து ஒரு மாதம் புழங்கிய பிறகே தருவதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதற்குச் சம்மதிக்காதவர் விலையைக் குறைத்துச் சொன்னாலும் அவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.