அனிமேஷன் துறையில் முதுநிலை படிக்கிறேன். இளநிலை வகுப்புக்குக் கற்பித்தல் உதவியாளராகச் சேர அழைப்பு வந்துள்ளது. அந்த வேலை எப்படி இருக்கும்?

நான் முதுநிலை படித்தபோது முதலாண்டு அனிமேஷன் பாடத்துக்கு இரண்டு பருவங்கள் கற்பித்தல் உதவியாளராக இருந்தேன். பாடம் நடத்துவது பேராசிரியரின் பொறுப்பு. ஆய்வகத்தில் மாணவர்களின் அருகில் அமர்ந்து பயிற்சிகளைப் பார்ப்பதும், திருத்தக் குறிப்புகள் எழுதுவதும், முதற்கட்ட மதிப்பெண் இடுவதும் என் பொறுப்பு. மென்பொருளில் இருந்த தேர்ச்சியை நம்பித்தான் சேர்ந்தேன். ஆனால் நாள்தோறும் தேவைப்பட்டது, பிறர் உருவாக்கிய அசைவைப் பார்த்து, பிழை எந்த ஃபிரேமில், அதாவது எந்தத் தனிப்படத்தில், தொடங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் திறமை.

துள்ளும் பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம்கள் கொண்ட அந்த எளிய பயிற்சியில், பெரும்பாலோரின் பந்து முதல் வாரத்தில் மெத்தைமேல் இறங்குவதுபோல மெல்லத் தரையைத் தொடும். பந்தின் இடத்தை நாமே குறித்துவைக்கும் கீ ஃபிரேம்களுக்கு இடையே மென்பொருள் தானாகப் போடும் வழவழப்பான வளைகோடு, ஒவ்வொரு கீயை நெருங்கும்போதும் வேகத்தைக் குறைத்துவிடுவதே அதற்குக் காரணம். உச்சியில் அது பொருத்தமானது, ஏனெனில் அங்கே பந்து உண்மையாகவே வேகமிழந்துதான் திரும்புகிறது. தரையிலோ முழு வேகத்தில் மோதுவதால், அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் கோடு அந்த இடத்தில் கூர்மையாக ஒடிய வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு மாணவியின் மவுஸை நானே வாங்கி இதைச் சரிசெய்து கொடுத்தேன். அடுத்த வாரம் கனமான பந்துக்கான பயிற்சியிலும் அதே பிழையோடு வந்தார். அவருக்குக் கற்கக் கிடைத்த வாய்ப்பை நான் பறித்துவிட்டேன் என்பது அப்போது புரிந்தது. அதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். அதன்பிறகு திரையில் ஒளிபுகும் தாளை ஒட்டி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பந்தின் இடத்தைப் புள்ளியிடச் சொன்னேன். தரைக்கருகே புள்ளிகள் நெருங்கி நிற்பதைக் கண்டதும், என்ன தவறு என்பதை அவரே சொன்னார்.

மதிப்பீடுதான் மனத்தை அதிகம் அழுத்தியது. களைப்பில் கடைசியாகப் பார்க்கும் பயிற்சிக்கு அநீதி நேர்ந்துவிடக் கூடாது என்பதால், எல்லாருடைய டைமிங்கையும் (அசைவு எத்தனை ஃபிரேம்கள் எடுக்கிறது என்பதை) முதலில் பார்த்து முடித்துவிட்டு, பிறகு ஃபிரேமுக்கு ஃபிரேம் பந்து நகரும் இடைவெளியையும் எடையுணர்வையும் தனித்தனிச் சுற்றுகளாகப் பார்த்தேன். நிறமும் ஒளியும் சேர்த்து அழகாக ரெண்டர் செய்யப்பட்ட பந்தைவிட, எடையோடு விழும் சாம்பல் நிறப் பந்துக்கு அதிக மதிப்பெண் தருவது நியாயமானது என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அந்த அளவுகோலைப் பயிற்சி கொடுக்கும் நாளிலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அழைப்பை ஏற்பதற்கு முன், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாணவர்கள், திருத்தும் நேரம் அந்தக் கணக்கில் அடங்குமா என்பவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிகளைத் திருத்தும் வாரமும் உங்கள் சொந்தக் குறும்படத்தைச் சமர்ப்பிக்கும் வாரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும்; எனக்கு இரண்டு பருவங்களிலும் அப்படித்தான் வந்தது.