விமானியின் சம்பளமும் நிறுவனத்தின் லாபமும்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

தங்கள் மகளை விமானிப் பயிற்சியில் சேர்ப்பதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்றும், இண்டிகோ போன்ற நிறுவனம் இத்தனை லாபம் ஈட்டும்போது சம்பளத்துக்குக் குறைவு வராதல்லவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறுவனத்தில் பணம் இருந்தால் சம்பள உயர்வு கேட்க வழி பிறக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அந்த லாபம் தானாக விமானியின் கைக்கு வந்து சேர்வதில்லை.

இண்டிகோ 2020-21இல் ஏறத்தாழ 5,800 கோடி ரூபாயும், மறு ஆண்டில் ஏறத்தாழ 6,160 கோடி ரூபாயும் நட்டப்பட்டு, 2023-24இல் 8,170 கோடி ரூபாய் அளவுக்கு லாபம் கண்டது. கொரோனா வந்த உடனேயே விமானிகளின் சம்பளம் வெட்டப்பட்டது. 2022 ஏப்ரலில் 8 சதவீதம் உயர்த்தப்பட்டபோதும், வெட்டியது முழுவதும் திரும்பவில்லை என்ற மனக்குறை அவர்களிடம் இருந்தது.

அமெரிக்காவிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. அந்நாட்டின் டெல்டா விமான நிறுவன விமானிகள் 2004இல் 32.5 சதவீதச் சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டும், மறு ஆண்டே நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. அவர்களே 2023 ஒப்பந்தத்தில், நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 சதவீத உயர்வைப் பெற்றார்கள். வலுவான சங்கமும் அப்போதைய விமானிப் பற்றாக்குறையும் அவர்களுக்குக் கைகொடுத்தன. டெல்டாவில் வரிக்கு முந்தைய லாபத்தில் முதல் 250 கோடி டாலர் வரை 10 சதவீதமும், அதற்கு மேற்பட்டதில் 20 சதவீதமும் ஊழியர்களுக்கு என்று முன்கூட்டியே வகுத்திருப்பதால், 2024 பிப்ரவரியில் 140 கோடி டாலர் பங்கிடப்பட்டது. நம் நாட்டில் விமானிகளுக்கு அத்தகைய ஏற்பாடு வழக்கில் இல்லை.

ஆகவே லாபக் கணக்கைவிட, ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரப் பறப்புக்குச் சம்பளம் உறுதி செய்யப்பட்டிருக்கிறது என்பதையே நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில், பின்னர் ஏர் இந்தியாவுடன் இணைந்துவிட்ட விஸ்தாரா நிறுவனத்தின் விமானங்கள் பல ரத்தானது நினைவிருக்கலாம். அந்த இணைப்புக்காகக் கொண்டுவரப்பட்ட புதிய ஒப்பந்தத்தில் உறுதி மணி நேரம் 70இலிருந்து 40ஆகக் குறைக்கப்பட்டதே விமானிகளின் எதிர்ப்புக்கு முக்கியக் காரணம். என்ஜின் பழுதால் விமானங்கள் தரையில் நிற்கும் ஒரு மாதத்தில் 45 மணி நேரமே பறக்கக் கிடைத்தால், பழைய முறையில் 70 மணி நேரத்துக்கும் பணம் வரும். புதிய முறையில் பறந்த 45 மணி நேரத்துக்கு மட்டுமே வரும். வங்கித் தவணையோ எந்த மாதமும் குறையாது. இந்தச் சுமை அதிகம் அழுத்துவது, புதிதாகச் சேர்ந்த துணை விமானிகளைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலையிலிருந்து விலகத் துணை விமானி 6 மாதமும், கேப்டன் 12 மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2017இல் விதித்தது. வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவேன் என்பதுதான் பேரத்தில் ஒரு விமானியின் பலம். அந்தப் பலத்தை இவ்விதி கணிசமாகக் குறைத்துவிடுகிறது என்பதே என் கருத்து.

மகளின் ஆசையைத் தடுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. கடன் தவணையை, விளம்பரத்தில் வரும் கேப்டன் சம்பளத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். துணை விமானிக்கு உறுதியாகக் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகையை வைத்துக் கணக்கிடுங்கள். பயிற்சி முடிந்தும் வேலை கிடைக்காமல் ஓராண்டு காத்திருந்தால் வட்டியை எப்படிக் கட்டுவது என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுக்குப் பிறகும் வீட்டுக்கு ஆபத்து இல்லையென்றால், விமானி உரிமத்துக்குத் தேவையான முதல் வகுப்பு (Class 1) மருத்துவத் தகுதிச் சான்று கைக்கு வந்ததும் பயிற்சிக் கட்டணத்தைச் செலுத்தலாம்.