வாசகர் கேள்வி பதில்: தொலைநோக்கிக்குப் பின்னால் இருக்கும் பெட்டி

கேள்வி: காட்பாடியில் ஒரு கல்லூரியில் நடந்த வானியற்பியல் ஆய்வுரைக்கு என் மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் பற்றிய பேச்சு என்றுதான் அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். பேச்சாளரோ பாதி நேரத்துக்கு மேல் கண்ணாடி இழை, வெற்றிடப் பெட்டி, வெப்பநிலைக் கட்டுப்பாடு என்று கருவியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். கோளைப் பற்றிச் சொல்ல வந்தவர் பெட்டியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: அந்தப் பெட்டியை எடுத்துவிட்டால் அந்தக் கோளைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஏதும் மிஞ்சாது. அதனால்தான் பேசினார். இத்தகைய கோள்களில் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் நேரடியாகப் பார்த்ததில்லை. கோள் தன் விண்மீனை இழுப்பதால் அந்த விண்மீன் நம்மை நோக்கியும் நம்மை விட்டு விலகியும் சிறிதே அசைகிறது. அந்த அசைவினால், அதன் ஒளியை நிறங்களாக விரிக்கும்போது தெரியும் கோடுகள் மாறி மாறி நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் நகர்கின்றன. வியாழன் நம் சூரியனை இவ்வாறு அசைக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ், சாலை காலியாக இருந்தால் ஓடும் வேகம் அவ்வளவுதான். பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு விண்மீனின் இந்த வேகத்தை, அதன் ஒளியை மட்டும் கொண்டு அளந்தாக வேண்டும்.

இப்போது கருவியின் பக்கம் வாருங்கள். விண்மீன் ஒளியை நிறங்களாக விரித்துப் பதிவு செய்வது நிறமாலைமானி. அதன் பகுதிறன் 60,000 என்று பேச்சாளர் சொன்னால், நொடிக்கு 5 கிலோமீட்டர் வேக வேறுபாடுள்ள இரண்டு கோடுகளை அது தனித்தனியாகக் காட்டும் என்று பொருள். நமக்கு வேண்டியதோ அதில் 400இல் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான கோடுகளை ஒருசேர அளந்து சராசரி எடுப்பதால்தான் அவ்வளவு நுட்பம் கைகூடுகிறது. ஆனால் அறையின் வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி மாறினாலும், காற்றின் அடர்த்தி மாறி, நொடிக்கு 100 மீட்டர் என்ற அளவில் ஒரு பொய்யான வேகம் பதிவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோளே இல்லாத இடத்தில் கோள் இருப்பதுபோலத் தோன்றிவிடக்கூடும் என்பதால்தான் கருவியை வைக்க வெற்றிடப் பெட்டியும், வெப்பநிலைக் கட்டுப்பாடும், ஒப்பிட்டுப் பார்க்க, கோடுகளின் இடம் முன்பே துல்லியமாகத் தெரிந்த தோரியம்-ஆர்கான் விளக்கின் ஒளியும் வேண்டியிருக்கின்றன.

சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1995இல். 51 பெகாசி என்ற அந்த விண்மீனைக் கவனித்த மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் பயன்படுத்திய பிரான்சு நாட்டுத் தொலைநோக்கியின் ஆடி, அதாவது ஒளியைச் சேர்க்கும் கண்ணாடி, 1.93 மீட்டர் விட்டம் கொண்டது. நம் ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடியோ 2.34 மீட்டர். அன்று உலகில் அதைவிடப் பெரிய ஆடிகள் எத்தனையோ இருந்தன. அந்தக் குழுவுக்கு வெற்றி தேடித் தந்தது எலோடி என்ற அவர்களுடைய நிறமாலைமானி. இந்த ஒரு செய்தியை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். பேச்சாளர் பெட்டியை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு விளங்கிவிடும்.

கேள்வி: லடாக்கில் ஹான்லே வானாய்வகம் வந்துவிட்டது, உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வந்துவிட்டது. இனிக் காவலூருக்கு என்ன வேலை?
(வாசகர், ஆலங்காயம்)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்து மலை என்பதால் இந்தக் கவலை உங்களுக்கு வருவது இயல்பு. சில குறைகளை மறைப்பதற்கில்லை. ஹான்லே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், ஈரமற்ற காற்றில் இருக்கிறது. காவலூர் 700 மீட்டரைச் சற்றே தாண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பல இரவுகள் மேகத்தில் போய்விடும். சுற்றியுள்ள ஊர்களின் விளக்கொளியும் ஆண்டுதோறும் வானத்தில் ஏறுகிறது. தெருவிளக்குகளுக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரையை நோக்கி மட்டும் விடச் செய்வது உள்ளாட்சிகள் மனம் வைத்தால் நடக்கக்கூடிய காரியம், அதை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

ஆனால் காவலூர் வானாய்வகத்தை நிறுவிய வானியலாளர் பேராசிரியர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் மாறவில்லை. 12.5 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஹான்லேயில் அடிவானத்தை ஒட்டியே தெரியும் தென்வானப் பொருள்கள் இங்கே நன்றாக மேலெழும்பித் தெரிகின்றன. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்து காவலூரில் அடிவானத்துக்கு மேல் 30 பாகை வரை ஏறுகிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, தொலைநோக்கி பொருத்திய விமானத்திலிருந்து அமெரிக்கக் குழு யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடித்தது. அதே நிகழ்வில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் விண்மீன் ஒளி குறைவதைப் பதிவு செய்தது. ஓரிடத்தில் மட்டுமே, ஒரு நேரத்தில் மட்டுமே காணக்கூடிய இத்தகைய நிகழ்வுகளுக்கு, உலகின் பல தீர்க்கரேகைகளில் தொலைநோக்கிகள் இருந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காவலூரின் பெரிய ஆடி ஒரு புள்ளியில் குவிக்கும் விண்மீன் ஒளியை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே தடிமனான கண்ணாடி இழை வாங்கி, சுமார் 45 மீட்டர் தொலைவு கொண்டுபோய், தனி அறையில் அசையாமல் நிற்கும் நிறமாலைமானியில் சேர்க்கிறது. தொலைநோக்கி வானத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கருவி ஆடாது. அந்தப் பெரிய ஆடி 1986இல் நிறுவப்பட்டது. இந்த ஏற்பாடு அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது. பழைய ஆடிக்குப் புதிய கருவி பொருத்தினால் அது புதிய தொலைநோக்கியாகிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காவலூரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது ஆடியின் வயதைக் கேட்பதைவிட, அடுத்து என்ன கருவி வரப்போகிறது என்று கேட்பதே பொருத்தம்.

கேள்வி: கைப்பேசி கேமராவில் இருப்பதும் தொலைநோக்கியில் இருப்பதும் ஒரே வகை உணரிதானா?
(மாணவர், ராணிப்பேட்டை)

பதில்: இரண்டும் சிலிக்கானில் ஆனவை, அடிப்படைத் தத்துவமும் ஒன்றே. வேறுபாடு குளிர்ச்சியில் இருக்கிறது. தொலைநோக்கியில் இருக்கும் சிசிடி என்ற உணரி ஒரே படத்துக்காக அரை மணி நேரம்கூட ஒளியைச் சேர்க்கும். அறை வெப்பத்தில் விட்டால் சிலிக்கானே உண்டாக்கும் மின்னோட்டம் விண்மீன் ஒளியை மூழ்கடித்துவிடும் என்பதால், திரவ நைட்ரஜன் போன்றவற்றால் சுழிக்குக் கீழ் 100 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். பழைய ஒளிப்படத் தகடு தன்மேல் விழுந்த 100 ஒளித்துகள்களில் ஒன்றிரண்டையே பதிவு செய்தது. நல்ல சிசிடி 80, 90 வரை பிடிக்கும். ஆடியை மாற்றாமலேயே தொலைநோக்கியின் ஆற்றல் பல மடங்கு பெருகியதற்கு இதுவே காரணம்.

கேள்வி: இயற்பியல் படிக்காதவர்கள் இத்தகைய ஆய்வுரைகளுக்குப் போய்ப் பயன் உண்டா?
(வாசகர், ஆரணி)

பதில்: உண்டு, தயங்காமல் போங்கள். சமன்பாடுகள் வரும்போது விட்டுவிடலாம். இவர் எதை அளந்தார், அந்த அளவில் பிழை எவ்வளவு இருக்கலாம் என்கிறார் என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் பேச்சின் முதுகெலும்பு கையில் இருக்கும். புரியாவிட்டால் முடிவில் எழுந்து தமிழிலேயே கேளுங்கள். அக்கறையுள்ள பேச்சாளர் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். காவலூரையும் நேரில் பார்க்க விரும்பினால், சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். முன்னதாக விசாரித்துக்கொண்டு, மழை மாதங்களைத் தவிர்த்து, ஜனவரிக்குப் பிறகு செல்லுங்கள்.