வீல் பேரிங் மாற்றும்போது ஹப் நட்டை முழுக்க இறுக்க வேண்டுமா, கொஞ்சம் தளர்த்தி விட வேண்டுமா?

ஒரு மெக்கானிக் "வீல் ஃப்ரீயா சுத்தணும், லேசா லூஸ் விடு" என்கிறார், இன்னொருவர் "ஏர் கன் வச்சு ஃபுல்லா ஏத்து" என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது என்று குழம்பியிருக்கிறீர்கள். இருவரும் அவரவர் கை பழகிய வண்டியை வைத்துப் பேசுகிறார்கள். உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகைப் பேரிங் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

என் அப்பா குன்னூரில் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். ஜீப்பின் முன் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், அதாவது கூம்பு வடிவ உருளை பேரிங், ஒன்றுக்கொன்று எதிர்முகமாக உட்கார்ந்திருக்கும். பேரிங்குக்குள் எவ்வளவு இடைவெளி என்பதை நட்தான் முடிவு செய்கிறது. அப்பா ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையால் நட்டை ஏற்றுவார். சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கிவிட்டு, ஆறில் ஒரு சுற்று பின்னால் எடுப்பார். அப்புறம் லாக் வாஷர், அதன்மேல் லாக் நட். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் கப்பில் (பேரிங்கின் வெளிவளையம்) சரியாகப் படியாது, நாலு கிலோமீட்டர் ஓடியதும் தளர்ந்துவிடும். நட் கழலாமல் குறுக்கே காட்டர் பின் என்ற கம்பி போடுகிற டேப்பர் பேரிங் வண்டிகளுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். கடைசியில் இருக்க வேண்டிய பிளே, அதாவது ஆட்டம், பொதுவாக 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒரு தாளின் கனம். அந்தக் கொஞ்ச பிளேகூட இல்லாமல் இறுக்கினால் ஹப் சூடேறி, கிரீஸ் உருகி வழிந்து, ரோலர் நீலம் பூத்துவிடும்.

இப்போது ஓடும் முன்சக்கர டிரைவ் கார்களில் கதை வேறு. சில வருடங்களுக்கு முன் என் காரின் இடது முன் பேரிங் போனது. வேகம் 60-ஐத் தொட்டதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும், வலப்பக்கம் வளைத்தால் கூடும், இடப்பக்கம் வளைத்தால் அடங்கும். பக்கத்துப் பட்டறையில் மாற்றினேன். மாற்றியவர் நேர்மையான வேலைக்காரர், ஆனால் ஜீப்பிலும் லாரியிலும் வளர்ந்தவர். நட்டை இறுக்கிவிட்டு, பழக்கத்தில் கொஞ்சம் பின்னால் எடுத்தார். பழைய நட்டையே திரும்பப் போட்டார். இரண்டே மாதத்தில் அதே இரைச்சல். பிரித்த பேரிங்கை வீட்டுக்கு எடுத்து வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்வளையத்தில் குண்டுகள் ஓடும் பள்ளத்தில் ஒரு பக்கம் மட்டும் மீன் செதில் உரிந்த மாதிரி இரும்பு உரிந்திருந்தது.

காரணம் இதுதான். இந்தக் கார்களில் இருப்பது இரண்டு வரிசை குண்டு பேரிங், அதன் உள்வளையம் இரண்டு பாதியாக இருக்கும். ஹப் நட் இங்கே டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) நுனியில் ஏறும், அதை இறுக்கும்போதுதான் அந்த இரண்டு பாதியும் ஒன்றோடொன்று நெருங்கி முட்டும். முட்டிய நிலையில் குண்டுகளுக்குச் சரியான அழுத்தம் கிடைக்கும்படி தொழிற்சாலையிலேயே கடைந்து வைத்துவிடுகிறார்கள். இங்கே நட்டின் வேலை அட்ஜஸ்ட் செய்வது இல்லை, கவ்விப் பிடிப்பதுதான். தளர்த்தி விட்டால் பாதிகள் விலகி, பாரமெல்லாம் ஒரு வரிசையிலேயே விழும்.

அதற்காகக் கண்டபடி ஏற்றவும் கூடாது. நிறையப் பேர் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். 70 கிலோ ஆள் 60 செ.மீ. பைப்பின் நுனியில் நின்றால் இறுக்கம் ஏறக்குறைய 410 நியூட்டன் மீட்டர். 2006-இல் வந்த ஹோண்டா சிவிக் காருக்குக் கேட்பது 181, அதே காலத்து டொயோட்டா கொரோலாவுக்கு 216. கூடுதல் இறுக்கத்தில் டிரைவ் ஷாஃப்டின் மரை இழுபடும், அதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஏர் கன் கழற்றுவதற்கு மட்டும் இருக்கட்டும். கம்ப்ரசரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து இறுக்கம் மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணைப் பாருங்கள், அந்த எண்ணுக்கு டார்க் ரெஞ்ச் (வைத்த இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்னும் ஸ்பேனர்) வையுங்கள். சாதாரண அரை இஞ்ச் ரெஞ்ச் பல 200, 210-லேயே நின்றுவிடும். அதற்கு மேல் கேட்கிற வண்டி என்றால் முக்கால் இஞ்ச் ரெஞ்ச் வாடகைக்கு எடுங்கள்.

நான் இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். கழற்றும்போது முதலில், ஷாஃப்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருக்கும் நட்டின் விளிம்பைச் சின்ன உளியால் நிமிர்த்துகிறேன். நிமிர்த்தாமல் திருப்பினால் மரையை உழுதுவிடும். பூட்டும்போது கண்டிப்பாகப் புது நட், விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மரையை வயர் பிரஷ் போட்டுத் துடைத்து, மேனுவல் சொன்னால் ஒழிய எண்ணெய் தடவாமல் விடுகிறேன். நாம் ரெஞ்சில் கொடுக்கும் பலத்தில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது, பத்தில் ஒரு பங்குதான் கவ்வும் இழுப்பாக மாறுகிறது. எண்ணெய் பட்டால் அந்தக் கணக்கே மாறி, அதே எண்ணில் நட் கூடுதலாக ஏறிவிடும்.

இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: நட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவரும்வரை சக்கரம் தரையில் படக்கூடாது. உள்வளையம் கவ்வப்படாத நிலையில் வண்டியின் பாரம் இறங்கினால், ஒரு அடிகூட உருட்டாமலே புதுப் பேரிங்கில் குண்டின் தடம் பதியலாம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, உள்ளே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ரெஞ்ச் 'க்ளிக்' என்னும்வரை ஒரே சீராக இழுக்கிறேன். எங்கள் வீட்டில் பிரேக் மிதிப்பது என் மகள்.

லேத் பட்டறையில் புதுப் பேரிங்கை பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் இரும்புக் கூடு) இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இதில் தவறினால் நட்டை எவ்வளவு சரியாக இறுக்கினாலும் பயனில்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் பேரிங்கின் காந்த வளையம் உள்ள முகம் சென்சார் பக்கம் வர வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் நட்டின் விளிம்பை ஷாஃப்டில் உள்ள பள்ளத்துக்குள் மொட்டை உளியால் அடித்து மடக்குங்கள். விளிம்பு கிழியாமல் பள்ளத்தின் அடிவரை இறங்க வேண்டும். கிழிந்தால் அந்த நட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு புது நட் போடுங்கள். பிறகு சக்கரத்தை மாட்டி, இறக்குவதற்கு முன் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையால் சுற்றும்போது புதுப் பேரிங் சீலின் லேசான பிடிப்பு தெரியும். ஜீப் மாதிரி விர்ரென்று சுற்றவில்லையே என்று பயந்து நட்டைத் தளர்த்திவிடாதீர்கள்.